மகள் சொல்லாத வரி

நேற்றைய குடும்ப ஜெபத்தில், பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களை மன்னியும் என்ற இடம் வந்ததும் மகளின் குரல் நின்றது.

நான் சிறுமியாக இருந்தபோது, கம்பெனி குவார்ட்டர்ஸில் என் அப்பாவும் அங்கேதான் நிறுத்துவார். ஷிப்ட் முடிந்து குளித்த சோப்பு வாசனையோடு முழங்காலில் நிற்பார். அவர் கிறிஸ்தவரானபின், சொந்த ஊரான வடக்குத்தில் அவருடைய அம்மா இறந்தபோது, "வேதக்காரன் தோள் குடுக்கக் கூடாது" என்று பெரியப்பா பாடையிலிருந்து அவரை விலக்கியிருந்தார்.

"அத மட்டும் ஏம்பா சொல்ல மாட்டேங்கறீங்க?" என்றேன்.

"மன்னிக்காம சொன்னா, என்னையும் மன்னிக்காதன்னு நானே கேக்கற மாதிரி ஆயிடும்மா."

"அண்ணன் மேல இருக்கற கோவத்துல நரகத்துக்கே போவட்டும்," என்பார் அம்மா.

அந்த வரியைச் சொல்லாமலே அப்பா இறந்தார்.

மகள் விரும்பியவனைப் போன வாரம் வாசலிலேயே திருப்பி அனுப்பியவள் நான். இன்று அந்த இடம் வந்ததும் என் குரலைத் தாழ்த்தி, அவள் சொல்கிறாளா என்று காதுகொடுத்தேன். அவள் சொல்லவில்லை.