ஒரே வெள்ளிக்கிழமையில் பேசி வைத்த ஆறு மாதம்

வெளிநாட்டிலிருந்து குறுகிய விடுப்பில் வரும் உங்களில் சிலர், குடும்பத்தோடு அரை நாளில் போய்வர ஓர் இடம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் வல்லக்கோட்டை முருகன் கோயிலைச் சொல்வேன். முதன்முதலில் அங்கே போனது 1991 டிசம்பரில், மஸ்கட்டிலிருந்து இரண்டு வருடம் கழித்து வந்தபோது. அந்தப் பயணத்தில் நான் நல்ல பெயர் வாங்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மஸ்கட்டில் எனக்கு ஒரு மின்நிலையத்தில் பராமரிப்பு அட்டவணை போடும் வேலை. எந்த மோட்டாரை எந்தத் தேதியில் கழற்றுவது என்று ஆறு மாதம் முன்பே எழுதி வைப்பேன். அந்தப் புத்தி விடுப்பிலும் போகவில்லை. இருபது நாளையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். நண்பர்கள் தங்கள் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிய பார்சல்களே ஏழு நாளைத் தின்றன. பதிமூன்றாம் நாள் காலை எட்டரை முதல் பன்னிரண்டு வரை, 'வல்லக்கோட்டை, குடும்பம்'.

என் மனைவி வசந்தா அதைப் படித்துவிட்டு, "இன்னாங்க இது, குடும்பத்துக்கு மூணரை மணி நேரந்தானா? ஓ.டி. கெடையாதா?" என்றாள்.

என் கவலையெல்லாம் மகள் கலாவைப் பற்றி. ஆறு வயது. நான் வந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி. பொம்மை கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், பேச மாட்டாள். கூச்சம், சரியாகிவிடும் என்றார்கள். இன்னும் ஒரு வாரத்தில் கிளம்ப வேண்டும். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே விடுப்பு முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

தண்டலத்தில் மாமியார் வீடு. எட்டு நாற்பதுக்கு அங்கே பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போனோம். அங்கிருந்து ஒன்பதரைக்கு வல்லக்கோட்டை பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு ஒன்றரை ரூபாய், கலாவுக்கு அரை டிக்கெட். இன்று தொழிற்சாலை மதில்கள் நிற்கும் வல்லம் வடகால் பக்கமெல்லாம் அப்போது நெல் வயல். மார்கழிக் காற்று ஜன்னல் வழியாகச் சில்லென்று முகத்தில் அடித்தது. அந்தக் காற்றை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

வழியில் எருமைகள் சாலையைக் கடக்க, பஸ் பத்து நிமிடம் நின்றது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னா சார், ஃப்ளைட்டா புடிக்கப் போற?" என்றார் கண்டக்டர். கலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்காக அவருக்கு இன்னொரு டிக்கெட் காசு கொடுத்திருக்கலாம்.

கோயில் வாசலில் பூ வாங்கும்போது பூக்காரம்மா கலாவை அடையாளம் கண்டுகொண்டார். "பாப்பா, கை நல்லாயிட்ச்சா? மாவுக்கட்டோட வந்து வேண்டிக்கினு போனியே!"

கலா கையை ஆட்டிக் காட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள்: "கை ஒடஞ்சிட்ச்சின்னு அப்பாவுக்கு கேசட்டுல சொன்னேன். அவரு கயிறு தாண்டி வெளயாடுறியான்னு கேட்டாரு. அடுத்த மாசம் ஊஞ்ச ஆடுறியான்னு கேட்டாரு. நா சொன்னா அவருக்குக் கேக்காது."

வீட்டில் போன் இல்லாத காலம். பேசிப் பதிவு செய்து மாதம் ஒரு கேசட் அனுப்புவோம். அந்த ஆண்டு மே மாதம் வேலை நெருக்கியதால், ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஆறு மாதத்துக்கும் ஆறு கேசட் பேசி முடித்துவிட்டேன். வேலையை முடித்துக்கொண்டு மதராஸுக்கே திரும்பவிருந்த நண்பரிடம் கொடுத்து, மாதம் ஒன்றாகத் தபாலில் போடச் சொன்னேன். ஊருக்கு வருகிறவர்கள் இங்கே வந்து தபாலில் சேர்ப்பது வழக்கம் என்பதால், உள்ளூர்த் தபால் முத்திரையைப் பார்த்தும் வசந்தாவுக்குச் சந்தேகம் வரவில்லை. ஆடியில் கலாவின் கை உடைந்ததை அவள் குரலிலேயே கேட்டுப் பதறினேன். வசந்தாவுக்குக் கடிதமும் எழுதினேன். கேசட்டுகள் மட்டும் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அங்கேயே வசந்தாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"ஆறும் ஒரே நாள்லயா? நான் ஒவ்வொண்ணுக்கும் ஒக்காந்து பதில் பேசி அனுப்பிச்சிகினு இருந்தனே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஏழடி உயர முருகரைக் கும்பிட்டேன். கண்ணில் எதுவும் பதியவில்லை. வெளியே குளத்தங்கரையில் கலாவை உட்காரவைத்து, "அப்பா முன்னாடியே பேசி வெச்சிட்டேன்மா. அது தப்பு. ஆனா நீ சொன்னதெல்லாம் கேட்டேன்" என்றேன்.

அவள் யோசித்தாள். "அப்ப எந்தக் கைன்னு சொல்லு."

இடது கையைத் தொட்டேன்.

"சோத்தாங்கை. கேசட்டுல சொன்னேனே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பயந்தோ பாவப்பட்டோ, அவள் கொய்யா மரத்தில் ஏறியதிலிருந்து மாவுக்கட்டை வெட்டியதுவரை சொல்ல ஆரம்பித்தாள். பன்னிரண்டு மணி பஸ் போனது. இரண்டே காலுக்குத்தான் கிளம்பினோம்.

போகிறவர்களுக்கு: கிருத்திகையிலும் செவ்வாய்க்கிழமையிலும் கூட்டம் அதிகம். ஒரகடம் சந்திப்பை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கடக்காதீர்கள். தரிசனத்துக்கு ஒரு மணி நேரம் போதும்; திரும்பும் பஸ்ஸை மட்டும் முடிவு செய்துகொண்டு போகாதீர்கள்.

வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று முடிக்க ஆசைதான். இன்னும் ஒன்பது வருடம் அங்கேதான் இருந்தேன். ஆனால் முன்கூட்டி எதையும் பேசி வைக்கவில்லை. நேரமில்லாத மாதங்களில், 'இந்த மாசம் அப்பாவுக்கு நேரமில்லம்மா' என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். கலா தவறாமல் பதில் அனுப்பினாள். நான் ஊர் திரும்பும்வரை, அவளுடைய ஒவ்வொரு கேசட்டும் இப்படித்தான் தொடங்கியது: "அப்பா, போன தடவ நான் இன்னா சொன்னேன், சொல்லு."