அப்பாவோட ரிமோட்டுல நாலு பட்டன்

வாரத்துல மூணு நாள் ஆபீசுக்கு வந்தே ஆகணும்னு மெயில் வந்தப்ப, கூட வேலை பாக்குறவங்க எல்லாம் குரூப்புல அழுகிற பொம்மையா போட்டுத் தள்ளினாங்க. நான் மட்டும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு சிரிச்சேன். சத்தியமா சிரிச்சேன். நெமிலிச்சேரியில ரெண்டு ரூம், ஒரு ஹால். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததுலேர்ந்து அதுதான் என் ஆபீஸ், அதுதான் என் ஆஸ்பத்திரி. ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுத் தண்ணி டேங்க். பால் வாங்கத் தெருமுனை வரைக்கும் போனாலே, அய்யோ அவரு தனியா இருக்காரேன்னு கால் தானா திரும்பிடும். அம்மா போயாச்சு, கூடப் பொறந்தவங்களும் கிடையாது. எனக்கு வெளியே போகணும். ரயில்ல நசுங்கணும், யாராவது என் காலை மிதிக்கணும், நான் அவங்களைத் திட்டணும். அவ்வளவுதான் ஆசை.

ஆனா அப்பாவை என்ன பண்றது? வலது கை வராது, பேச்சும் போச்சு. ஒண்ணு ரெண்டு வார்த்தைதான் மிச்சம். போனைக் கையில கொடுத்தா வழுக்கிக் கீழே விழும். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் வந்து சோறு கொடுத்து, தாங்கிப் பிடிச்சு பாத்ரூம் கூட்டிட்டுப் போறேன்னு ஒத்துக்கிட்டாங்க. மத்த நேரத்துக்கு அவரு என்னைக் கூப்பிட ஒரு வழி வேணும். அந்த வழி கிடைக்கலைன்னா வேலைய விடணும். விட்டா இந்த ஹாலை விட்டு நான் என்னைக்கும் வெளியே வரப் போறதில்லை.

அப்பதான் அந்த ரிமோட்டை வாங்கினேன். எங்க வீட்டு டிவியோட என் பழைய கம்ப்யூட்டரைக் கோத்து வச்சிருந்தேன், மேலே ஒரு கேமரா. அந்தக் கம்ப்யூட்டருக்கான ரிமோட் இது. அடியில நாலு கலர்ல நாலு பட்டன், எது என்ன செய்யணும்னு நாமளே சொல்லி வச்சுக்கலாம். படிக்க நல்லாத்தான் இருந்தது. பண்ணிப் பாத்தாதானே தெரியும் லட்சணம்! மஞ்சளுக்கு நியூஸ்னு சேவ் பண்ணி அழுத்தினா, கம்ப்யூட்டரே அணைஞ்சு போகுது. திரும்ப ஆன் பண்ணா போட்டதெல்லாம் மறந்துடுது. அப்பாவோட இடது கட்டைவிரல் ஒரு தடவை பட்டன் மேல உக்காந்தா எழுந்திருக்க நேரமாகும். அதை இந்தச் சனியன் நீள அழுத்தம்னு எடுத்துக்கிட்டு வேற எதையோ திறக்கும். நான் கத்துவேன், ரிமோட்டை சோபாவுல எறிவேன். அப்பா தோள் குலுங்கச் சிரிப்பார்.

ஒருவழியா வழிக்கு வந்தது. பச்சைக்குப் பழைய பாட்டு, மஞ்சளுக்கு நியூஸ், நீலத்துக்கு கிரிக்கெட். சிவப்பை அழுத்தினா என் போனுக்கு வீடியோ கால். சிவப்புன்னா அவசரம், சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே. "அப்பா, எதுவா இருந்தாலும் சிவப்பு. சரியா?" தலையாட்டினார். அழுத்திக் காட்டச் சொன்னேன். ரிமோட்டை என் கையில கொடுத்து, நீயே அழுத்துன்னு சைகை பண்ணார். நானும் அழுத்திக் காட்டினேன்.

முதல் நாள் ஆபீஸ். வீட்லேர்ந்து ஒரு கால்கூட வரலை. எப்படி இருந்தது தெரியுமா? கேன்டீன்ல டீயை ஆற விட்டுக் குடிச்சேன். யாரோ சொன்ன மொக்கை ஜோக்குக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். சாயந்திரம் ரயில்ல நின்னுக்கிட்டே வந்தப்பகூட, பரவாயில்லடி, பொழைச்சுக்கிட்டோம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

தெருவுக்குள்ள நுழையும்போதே எங்க வீட்டுப் பாட்டுச் சத்தம். கதவைத் திறந்தா, அப்பா நாற்காலிக்குக் கீழே தரையில கிடக்கிறார். வேட்டி நனைஞ்சு பாதி காஞ்சுபோயிருக்கு. இடது கையில ரிமோட். டிவியில பாட்டு, அடுத்த நிமிஷம் நியூஸ், உடனே கிரிக்கெட், திரும்பப் பாட்டு. மூணு பட்டனையும் மாத்தி மாத்தி அழுத்திக்கிட்டே இருக்கார்.

நான் அலறின அலறல்ல பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாங்க. "அய்ய, இன்னாம்மா இது! சோறு குடுத்து ஒக்கார வச்சுட்டுதானே போனேன். அப்பால ஒரே பாட்டு சத்தம். பெரியவரு ஜாலியா கேட்டுகினு கீறாருன்னு நெனச்சேன்மா..." அவங்களும் அழுதுட்டாங்க. ரெண்டு பேருமா தூக்கி உக்கார வச்சோம். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியலை.

எனக்கு வந்த ஆத்திரம் எனக்குத்தான் தெரியும். சிவப்பு வேலை செய்யலை போலன்னு வெடுக்குனு ரிமோட்டைப் பிடுங்கி அழுத்தினேன். என் கைப்பைக்குள்ள போன் அடிச்சது. "நல்லாத்தானேப்பா வேலை செய்யுது! ஏன் அழுத்தலை? சொன்னேனே, எதுவா இருந்தாலும் சிவப்புன்னு!" அப்பா என்னைப் பாக்கலை. ரிமோட்டை மெதுவா வாங்கி, சிவப்பு மேல உள்ளங்கைய வச்சு மூடினார். "டூட்டி," என்றார். மிச்சமிருக்கிற வார்த்தைகள்ல ஒண்ணு.

எனக்கு அப்பத்தான் உறைச்சது. ஆவடி ஃபாக்டரியில முப்பது வருஷத்துக்கு மேல மெஷின்ல நின்ன மனுஷன். அவரு வேலை பாத்த மெஷின் ஷாப்புல ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அழுத்தினா மொத்த மெஷின் வரிசையும் நின்னுடும். அழுத்தினவன் ஆபீசர் முன்னாடி போய் ஏன் அழுத்தினேன்னு சொல்லணும். கை மாட்டிக்கிட்டா, உயிர் போற மாதிரின்னா மட்டும்தான் அது. சர்வீஸ் முழுக்க ஒரு தடவைகூடத் தொட்டதில்லைன்னு பெருமையா சொல்லுவார். அதே மாதிரி, டூட்டிக்குள்ள போன ஆளை யாரும் வெளியே கூப்பிட மாட்டாங்க. ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்ல நான் வளர்ந்ததே அப்படித்தான். கீழே விழுந்து என் பல்லு உடைஞ்சப்பகூட, சாயந்திரம் சங்கு ஊதி அப்பா வர்ற வரைக்கும் அம்மா என் வாயில துணியை வச்சு உக்கார வச்சிருந்தா. அந்த ஆளுகிட்ட போய் சிவப்பைக் கொடுத்திருக்கேன். தான் ஒருத்தன் விழுந்ததுக்கெல்லாம் பொண்ணோட ஆபீசை நிறுத்தலாமான்னு தரையில கிடந்தபடியே யோசிச்சிருப்பார். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துல யாராவது வரட்டும்னு மத்த மூணையும் அழுத்தியிருப்பார்.

அன்னிக்கே மாத்தினேன். கால் பண்றதைப் பச்சைக்குக் கொண்டுவந்தேன், பாட்டைச் சிவப்புக்குத் தள்ளினேன். பச்சைன்னா அவருக்கு ஸ்டார்ட் பட்டன். தினம் காலையில கூசாம அழுத்தினது. "இது சும்மா அழுத்துறதுப்பா. பொண்ணு என்ன பண்றான்னு பாக்கலாம்." முகம் அப்படியே மலர்ந்துபோச்சு. நானே அழுத்திக் காட்ட வேண்டிய தேவையில்லாம, அவரே அழுத்தினார்.

அடுத்த ஆபீஸ் நாள் ரயில் பட்டாபிராம் தாண்டலை, போன் அடிக்குது. பதறிப்போய் எடுத்தா, பாதி நெத்தியும் மேலே சுத்துற ஃபேனும். ஒண்ணும் இல்லை, பாக்கிறார். ஆவடியில ஒரு தரம், அண்ணனூர்ல ஒரு தரம். ஆபீஸ் போய் சீட்ல பையை வைக்கிறதுக்குள்ள ஒரு தரம். எடுக்காம இருக்க முடியுமா? இந்தத் தடவை நிஜமா விழுந்திருந்தா? கேன்டீன்ல, லிஃப்ட்ல, பாத்ரூம்ல, எங்கே போனாலும் அந்த நெத்தி. நெமிலிச்சேரி ஹாலைத் தூக்கி என் கழுத்துல கட்டிக்கிட்டு அம்பத்தூர் ஆபீசுக்கு வந்த மாதிரி ஆயிடுச்சு. பக்கத்து சீட்டுக்காரி, "என்ன, லவ்வரா?"ன்னு கண்ணடிச்சா. மேனேஜர் சிரிக்கலை. நான் எல்லாருக்கும் முன்னாடி பேசிட்டிருந்த மீட்டிங்ல மறுபடி அடிக்க, வெளியே ஓடிவந்து எடுத்தேன். அதே நெத்தி, அதே ஃபேன்.

"அப்பா! நான் டூட்டில இருக்கேன்!"

கத்தலைன்னு சொல்ல மாட்டேன். காரிடார்ல போனவங்க திரும்பிப் பாத்தாங்க. அப்பாவோட முகம் கேமராவுக்கு நேரா வந்தது. முதுகை நிமிர்த்தினார். சரின்னு ஒரு தலையாட்டு. கால் கட் ஆச்சு.

அதுக்கப்புறம் அடிக்கலை. அன்னிக்கும் இல்லை, அதுக்கடுத்த வாரமும் இல்லை. வீட்ல கெஞ்சிப் பாத்தேன். "அப்பா, தப்பாச் சொல்லிட்டேன்பா, சும்மா கூப்பிடுங்க." அவரு கோபமா இருந்தாத்தானே சமாதானப்படுத்த? சிரிச்சுக்கிட்டே என் கையைத் தட்டிக் கொடுத்தார். "டூட்டி, டூட்டி." உனக்கேன் கவலை, எனக்குத் தெரியாதான்னு அர்த்தம்.

இப்ப கேமராவை அவரு முழுசாத் தெரியற மாதிரி கீழே சாய்ச்சு வச்சு, நான் கூப்பிட்டா தானா எடுக்கிற மாதிரி கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்கேன். நேத்து மத்தியானம் கூப்பிட்டேன். என் முகம் அங்க டிவியில வர ஒரு நொடி, ரெண்டு நொடி ஆகும். அதுக்குள்ள அவரு எனக்குத் தெரிஞ்சுட்டார். நாற்காலியில கொஞ்சம் சரிஞ்சு உக்காந்திருந்தார். ரிமோட் மடியில. கட்டைவிரல் பச்சை மேல தொட்டும் தொடாம நின்னுக்கிட்டிருந்தது. அழுத்தலை. என்னைப் பாத்ததும் விரலைச் சடக்குனு எடுத்து, ரிமோட்டைத் தொடைக்கு அடியில சொருகிட்டு, ஒண்ணுமில்லைன்னு கையை விரிச்சார்.

"சாப்டீங்களாப்பா?"ன்னு கேட்டேன். தலையாட்டினார். போ போன்னு கையைக் காட்டினார். எனக்கு சாயந்திரம் வரைக்கும் வேலை இருந்தது.