மோட்டாருக்குக் கேட்காத பெயர்

போன ஞாயிறு மதியம் பெருங்களத்தூரில் மழை பெய்தது. எங்கள் வீட்டு ஜன்னலோரம் மட்டும்.

சித்திரை வெயிலில் ஏது மழை என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தேன்... சளசளவென்று, தாலாட்டுகிற மாதிரி. யாரையாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டுப் பேசுகிற ஆளா நான்?

மழை இல்லை. மொட்டைமாடித் தொட்டி வழிந்துகொண்டிருந்தது.

மேல்வீட்டு நூர்ஜகான் படியிறங்கி ஓடிவந்தாள். சாயங்காலம் அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டில் இடம் போதாதென்று மாடியில் ஜமக்காளம் விரித்து வைத்திருந்தாள்.

"எல்லாம் நனைஞ்சு போச்சுக்கா. வர்றவங்கள எங்க உக்கார வைப்பேன்?"

என் மருமகள் கவிதாவின் முகம் வெளிறிவிட்டது. எங்கள் ஃப்ளாட் மோட்டாருக்கு சாஃப்ட்வேர் எழுதியவள் அவள்தான். தொட்டி நிறைந்தால் ஒரு சிக்னல் போகும். அதைக் கேட்டு மோட்டார் நிற்கும். இந்த சிக்னல்களுக்கு அவளும் கூட உதவிய அவள் சிநேகிதர்களும் ஆளுக்கொரு விதமாகப் பெயர் வைத்திருந்தார்கள். அன்று காலையில்தான் அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றினாள் — முதலில் பொருள், பிறகு அதற்கு நடந்தது. தொட்டி-நிறைந்தது. மோட்டார்-நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"பேரை மாத்திட்டேன் அத்தை. ஆனா மோட்டார் இன்னும் பழைய பேருக்குத்தான் காத்துக்கிட்டிருந்திருக்கு. எந்த சிக்னலை யார் கேக்குறாங்கன்னு நாங்க எங்கயுமே எழுதி வைக்கல."

பாவம் மோட்டார். தெரியாத பெயரில் கூப்பிட்டால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்?

மோட்டாரைக் கையால் அணைத்துவிட்டு மூவரும் துடைப்பத்தோடு மாடி ஏறினோம்.

"மோட்டார நிறுத்தச் சொன்னா, என் பொண்ணு கல்யாணத்த நிறுத்திடுவ போலிருக்கே" என்றாள் நூர்ஜகான். கவிதா நிமிராமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஜமக்காளத்துக்குப் பதில் எல்லா வீட்டு நாற்காலிகளும் மாடி ஏறின. சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்தார். நூர்ஜகான் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"சில்லுனு இருக்கே... எங்களுக்காகத் தண்ணி தெளிச்சு வச்சீங்களாம்மா?"

"ஆமாங்க" என்றாள் நூர்ஜகான், கவிதாவின் பக்கம் திரும்பாமல்.

தேதி பேசிவிட்டுத்தான் எழுந்தார்கள்.

மறுநாள் கவிதா ஒவ்வொரு சிக்னலுக்கும் விவரம் எழுதினாள். பெயர் என்ன, எப்போது வரும், அனுப்புவது யார், கேட்பது யார். கேட்பவர்கள் எல்லாம் புதுப் பெயருக்குப் பழகும்வரை பழைய பெயரும் கூடவே ஒலிக்குமாம். எனக்குக் காட்டினாள்.

தொட்டி-நிறைந்தது. கேட்பவர்கள்: மோட்டார், வாட்ச்மேன் போன்... அதற்கும் கீழே, அத்தை.

"வெயில்ல மழைச் சத்தம் கேட்டா ஒரு குரல் குடுங்க, போதும்."

கொடுக்கிறேன். நிஜ மழை வந்தால் மட்டும், கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.