சின்னவளுக்கும் சேர்த்து ஒரு ஜீப்பு

அடுத்தவங்க காசைக் கேட்டு எழுதுறதுதான் என் பிழைப்பு. மலைமேல இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் வேணும், பெஞ்சு வேணும், சாயங்கால வகுப்பெடுக்கிற பொண்ணுக்குச் சம்பளம் வேணும்னா, கம்பெனிக்காரங்களுக்கும் அறக்கட்டளைக்காரங்களுக்கும் விண்ணப்பம் எழுதி, போன் மேல போன் போட்டு, விடாம நச்சரிச்சு வாங்கிக் கொடுக்கணும். ஏற்காட்டுல ஒரு டீக்கடை மாடியில உக்காந்து பல வருசமா இதைத்தான் செய்யறேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்பாங்க. பள்ளிக்கூடங்களுக்குப் பதிலா அழுகிறது நான். வெக்கமெல்லாம் எப்பவோ செத்துப் போச்சு.

எழுதினதுல பாதி கிடைக்கும், பாதி குப்பைக்குப் போகும். எதுவும் மனசுல நிக்காது. கொட்டச்சேடு தாண்டி ஒரு எஸ்டேட்டுக்குள்ள இருக்கிற சின்ன ஊருக்கு ஜீப்பு கேட்டது மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகலை.

அந்த ஊருக்கு பஸ் கிடையாது. வண்டி போற மண் ரோடு எஸ்டேட்டைச் சுத்திக்கிட்டு வரும். பிள்ளைங்க அதுல நடந்தா விடிஞ்சிடும். அதனால காப்பிச் செடிக்கு நடுவுல ஒத்தையடித் தடத்துல இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்மேடு ஏறித்தான் பள்ளிக்கூடம் போவாங்க. மழைக்காலத்துல சாயங்காலம் மூடுபனி இறங்கிட்டா முன்னால போற பிள்ளையோட முதுகுப்பை கூடத் தெரியாது. காட்டெருமை நின்னா மூச்சுச் சத்தத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். அதுக்காகப் பிள்ளைங்க ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. வரிசையா நடப்பாங்க. முன்னால போறது "கூ..."ன்னு குரல் கொடுக்கும். அதுக்கு அடுத்தது, அதுக்கும் அடுத்ததுன்னு கடைசி வரைக்கும் பதில் வரணும். எல்லாக் குரலும் வந்தாத்தான் மேல நடப்பாங்க.

ஒரு ஐப்பசி மழையில அந்த வரிசையில இருந்து ஒரு பிள்ளை போயிட்டா. மூணாவது படிச்சவ. எப்பவும் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவாளாம். அன்னைக்கு அக்காவுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகலை. ஓடையில எப்ப வழுக்கினான்னு யாருக்கும் தெரியலை. ஏன்னா, ஓடையைத் தாண்டி மேடேறும்போதும் அவ பதில் குரல் கொடுத்தாங்கிறாங்க. எல்லாப் பிள்ளைங்களும் கேட்டிருக்காங்க. மேல வந்து திரும்பிப் பார்த்தா ஆள் இல்லை. மறுநாள் கீழ் எஸ்டேட்டுப் பக்கம் கண்டெடுத்தாங்க.

அதோட அவங்கம்மா பெரியவளைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திட்டாங்க. ஒன்பதாவது படிச்சிட்டிருந்தவ, கெட்டிக்காரப் பொண்ணு. நான் பேசிப் பார்க்கப் போனேன். அந்தம்மா எனக்குக் காப்பி கொடுத்துட்டு, கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க.

"ஜீப்பு வந்தா அனுப்பறேனுங்க மிஸ். அந்தத் தடத்துல இன்னொண்ண உடறதுக்கு நெஞ்சுல தெம்பு இல்லீங்க. இல்லாட்டி இவ மாமன் திருப்பூர் மில்லுக்குப் பேசி வச்சிருக்கறான். போவட்டும்."

பெரியவ உள்ள உக்காந்து மொளகு உருவிட்டிருந்தா. நிமிந்தே பார்க்கலை. வர்ற ஜூனுக்குள்ள ஜீப்பு வரலைன்னா அந்தப் பொண்ணோட படிப்பு அவ்வளவுதான்னு எனக்குப் புரிஞ்சுது.

சென்னையில ஒரு அறக்கட்டளைக்கு எழுதினேன். ஜீப்பு வாடகையும் டிரைவர் சம்பளமும் அவங்க கொடுக்கணும். அவங்க உடனே கேட்டது என்ன தெரியுமா? ஒரு குழந்தையோட கதை, போட்டோவோட. இவங்களுக்குக் கண்ணீர் ஊத்தினாத்தான் காசு முளைக்கும். வேற வழியில்லாம அந்தம்மாகிட்டயே போய்க் கேட்டேன். அவங்க கோபப்படலை.

"எம்புள்ளயக் காட்டிக் காசு கேக்காதீங்க. அவ அப்படியேதான் இருக்கறா."

அப்படியேதான் இருக்கறான்னா என்ன அர்த்தம்னு நான் கேக்கலை. சின்னவளைப் பத்தி ஒரு வரி கூட எழுதாம விண்ணப்பத்தை அனுப்பிட்டேன். யார்கிட்டயும் வாய் திறக்கவும் இல்லை.

மார்கழியில அந்த அறக்கட்டளையில இருந்து ஒரு மேடம் நேர்ல பார்க்க வந்தாங்க. நல்ல மனுஷி, ஆனா மலைக்குத் தோதில்லாத வழவழ செருப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைங்களோட நடந்தே போய்ப் பார்க்கணும்னாங்க. எனக்கும் அதுதான் வேணும். நாலு தரம் வழுக்கினா தானா கையெழுத்துப் போடுவாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

தடத்துல இறங்கினதும் மூடுபனி வந்துடுச்சு. பிள்ளைங்க வரிசை கட்டினாங்க. கடைசிப் பிள்ளை எட்டாவது படிக்கிறவ. அவளுக்கு முன்னால ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு மத்தவங்க நடந்தாங்க. மேடம் அந்த இடத்துல போய் நடக்க ஆரம்பிச்சாங்க. மொத்த வரிசையும் நின்னுடுச்சு.

"அங்க நடக்காதீங்க மேடம். பின்னால வாங்க," எட்டாவதுக்காரி மெதுவாத்தான் சொன்னா.

"சரிங்க டீச்சர்," அந்தப் பொண்ணைப் பார்த்துக் கிண்டலாச் சிரிச்சுக்கிட்டே மேடம் பின்னால என் பக்கத்துல வந்துட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. அது யாரோட இடம்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

ஓடையைத் தாண்டினோம். மேட்டுல கால் வச்சதும் முன்னால இருந்து "கூ..." வந்துச்சு. ஒவ்வொரு குரலா எங்களை நோக்கி வந்துச்சு. அப்புறம் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால, அந்தக் காலி இடத்துல இருந்து, சளி பிடிச்சு மூக்கடைச்ச ஒரு சின்னக் குரல். அதுக்கப்புறம்தான் எட்டாவதுக்காரி குரல் கொடுத்தா. பிள்ளைங்க நடக்க ஆரம்பிச்சாங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி. நான் மேடத்தோட கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவங்க வழுக்காம இருக்கப் பிடிச்சேன்னு நினைச்சிருப்பாங்க.

"ஐயோ பாவம், இவ்வளவு சின்னக் குழந்தை எல்லாமா இந்த வழியில நடக்குது?"ன்னு கேட்டாங்க. பார்த்து நடங்க மேடம்னு மட்டும் சொன்னேன்.

ஊருக்கு வந்ததும் மேடம் பைக்குள்ள இருந்து சாக்லேட்டு எடுத்து ஆளுக்கொண்ணா கொடுத்தாங்க. கையில ஒண்ணு மிச்சம் வச்சுக்கிட்டுச் சுத்திமுத்திப் பார்த்தாங்க.

"எனக்கு முன்னால வந்துச்சே, ஜலதோஷக்காரக் குட்டி, அது எங்கே?"

பிள்ளைங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. பெரியவ தன் வீட்டு வாசல்ல நின்னுட்டிருந்தா, முகம் வெளுத்துப் போச்சு. அவளைத் தாண்டிக்கிட்டு அவங்கம்மா வந்து கையை நீட்டினாங்க.

"எம்புள்ளதானுங்க. ஊட்டுக்குள்ள போயிடுச்சு. நாங் குடுத்துக்கறேன்."

சாக்லேட்டை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. திரும்பி வர்ற வழியெல்லாம் மேடம் அந்தக் குட்டியைப் பத்தியே பேசினாங்க. எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரோட ஜீப்புல பின்னால உக்காந்து நான் உம் கொட்டிக்கிட்டே வந்தேன். உண்மையைச் சொன்னா நம்புவாங்களா? நம்பினா அதைவிடக் கஷ்டம்.

பங்குனியில, காப்பி பூத்திருந்த சமயம், மேடம்கிட்ட இருந்து போன் வந்துச்சு. பணம் சரியாயிடுச்சு. "அந்தச் சின்னக் குழந்தைக்காகவே எங்க ஆளுங்ககிட்டச் சண்டை போட்டேன்"ன்னாங்க மேடம். நன்றின்னு சொல்லிட்டு வச்சேன்.

ஜூன்ல ஜீப்பு வந்துச்சு. அந்தம்மா சொன்ன சொல் மாறலை, பெரியவளைப் பத்தாவதுக்கு அனுப்பிட்டாங்க. முதல் நாள் சாயங்காலம் நானும் பிள்ளைங்களோட ஜீப்புல போனேன். பெரியவ என் பக்கத்துல புது யூனிபாரத்துல உக்காந்திருந்தா. சுத்து ரோட்டுல குலுங்கிக் குலுங்கிப் போனோம். பிள்ளைங்க ஒரே பாட்டும் கூத்தும். எனக்குப் பெருமை தாங்கலை. இந்த வேலையில எப்பவாவது ஒரு நாள்தான் இப்படி வாய்க்கும்.

ஊரே ஜீப்பைப் பார்க்க நின்னுச்சு. அந்தம்மாவைக் காணோம். வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு. "அம்மா எங்க?"ன்னு பெரியவ கேட்டா. அப்பத்தான் கீழ, ஓடைப் பக்கம் மூடுபனிக்குள்ள இருந்து குரல் வந்துச்சு.

"கூ..."

அவங்கம்மா குரல்தான். நான் பதில் கொடுக்க வாயெடுத்தேன். பெரியவ என் கையை அழுத்திப் பிடிச்சா.

"வேண்டாங்க மிஸ். அது அவளுக்குங்க."

டிரைவர் கூட இஞ்சினை நிறுத்திட்டான். மறுபடி அந்தம்மா கூப்பிட்டாங்க. ஒண்ணும் வரலை. பக்கத்து வீட்டுக்காரம்மா என் காதுகிட்ட வந்து, "இவங்கம்மா தினமும் சாயங்காலம் வாசல்ல நின்னு காது குடுத்துக் கேப்பாளுங்க. புள்ளைங்க வரிசையோட அந்தக் குரலும் வரும். இன்னிக்குத் தடத்துல யாருமே நடக்கலீங்களே"ன்னு சொன்னாங்க.

கெணறு வெட்டப் போய் பூதம் கிளம்பினா பரவாயில்லை. நான் இருந்த கெணத்தையும் மூடிட்டேன். அந்தத் தாய் பெரியவளுக்காக ஜீப்பு கேட்டாங்க. சின்னவ எதுல வருவான்னு அவங்களும் யோசிக்கலை, நானும் யோசிக்கலை. கீழ இருந்து மறுபடி மறுபடி கூப்பிட்டாங்க. போகப் போக அந்தக் குரல் உடைஞ்சு, கேக்க முடியலை.

பெரியவ என் கையை விட்டா. மேட்டோட விளிம்புக்குப் போய், ரெண்டு கையையும் வாய்க்கு ரெண்டு பக்கமும் வச்சு, "கூ..."ன்னா. தங்கச்சி மாதிரியே, சளி பிடிச்சு மூக்கடைச்ச சின்னக் குரல்ல. பிள்ளைங்க எல்லாம் ஜீப்போட ஒட்டிக்கிட்டாங்க.

கீழ இருந்து அந்தம்மா குரல் வந்துச்சு.

"வந்துட்டியா சாமி? பயந்தே போயிட்டேன். வா, ஊட்டுக்குப் போலாம். அக்கா வந்து காத்திட்டிருப்பா."

பெரியவ துப்பட்டாவை வாயில திணிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா.