காலியாக விட்ட கேள்விகள்

புத்தகத்தின் கடைசியில் இருந்த விடைப் பக்கங்களை என் மகள் ஸ்கேல் வைத்துக் கிழித்து என் கையில் கொடுத்தாள். பதினொன்றாம் வகுப்பு முடிந்த விடுமுறை அது. என்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இப்படித்தான் செய்வார்களாம். விடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் யோசிக்கிற பொறுமை போய்விடுமாம். "நான் கெஞ்சிக் கேட்டாலும் குடுக்காதம்மா" என்றாள்.

அவளா கெஞ்சுகிறவள்? வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடி எடுத்துவிடுவாள். அதனால் அவள் கையே வைக்காத ஓர் இடமாகப் பார்த்து வைத்தேன். ஃப்ரீசரில், மீன் பைக்கு அடியில், பாலிதீன் கவரைச் சுற்றி. மீன் தட்டில் இருந்தால் முள் மட்டும் மிச்சம் வைப்பாள், பச்சையாக இருந்தால் பக்கத்தில் வரமாட்டாள். இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றின் விடைகளும் ஒரு வருஷம் வஞ்சிரத்தோடு குடியிருந்தன.

கடலூர் முதுநகரில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுடைய அத்தாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு, குவைத்தில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார், வந்த களைப்பு தீர்வதற்குள் கிளம்பிவிடுவார். ஒரே பிள்ளை. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், அதுவும் தமிழில். ஆனால் திருத்துவதற்கு ஏ, பி, சி, டி தெரிந்தால் போதும். அவள் தாளை நீட்டுவாள், நான் ஜில்லென்று இருக்கும் பக்கத்தை விரித்துவைத்துப் பார்த்து டிக் போடுவேன். தப்பு என்றால் பெருக்கல் குறி. அந்தப் பேனாவைக் கையில் எடுத்தால் எனக்குத் தனி மிடுக்கு வந்துவிடும்.

கணக்குப் போடும்போது அவளுக்கு வாய் சும்மா இருக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படி. கேள்வியைச் சொல்லி, வழியைச் சொல்லி, நடுவில் தன்னையே திட்டிக்கொண்டு, கடைசியில் விடையை இரண்டு தடவை சொல்வாள். அடுப்படியில் நிற்கிற எனக்கு எல்லாம் கேட்கும். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்பதே மறந்துபோகும். இப்படிக் கேட்டுக் கேட்டே எனக்கு அந்தக் கேள்விகளோடு ஒரு பழக்கம் உண்டானது, கொஞ்சம் சண்டையும். லிஃப்ட்டுக்குள் போகிற ஆள் ஏன் எப்போதும் எடை மிஷின் மேலேயே நிற்கிறான்? எடையே இல்லாத கயிறு என்கிறார்களே, அது எந்தக் கடையில் கிடைக்கிறது? நான் கேட்டால் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, பொறுமையாகச் சொல்லியும் கொடுப்பாள். எனக்குப் பாதிதான் புரியும். புரிந்த மாதிரித் தலையாட்டினால் கண்டுபிடித்துவிடுவாள்.

எனக்கு நன்றாகப் புரிந்தது மார்க் போடுகிற முறைதான். சரியான விடைக்கு நாலு மார்க். தப்பென்றால் ஒரு மார்க் போய்விடும். காலியாக விட்டால் வரவும் இல்லை, செலவும் இல்லை. அப்படியானால் தெரியாததை விட்டுவிடுவதுதானே புத்திசாலித்தனம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நாலுல ரெண்டு தப்புன்னு தெரிஞ்சிட்டாலே விடக்கூடாதும்மா. மீதி ரெண்டுல ஒண்ண அடிச்சிட்டுப் போயிடணும். கூட்டிக் கழிச்சிப் பாத்தா லாபந்தான்" என்றாள். இரண்டு புடவையில் எதை எடுப்பது என்று தெரியாமல் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவள் நான். என் வயிற்றிலா இவள் பிறந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் சிதம்பரத்தில் மாதிரித் தேர்வு. முதுநகரில் ரயில் ஏறினால் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அவள் வேதியியலைத் திறந்துவிடுவாள். பரங்கிப்பேட்டை வரும்போது முணுமுணுப்பு தொடங்கியிருக்கும், எதிர் சீட்டில் இருப்பவர்கள் ஓதுகிறாள் போல என்று மரியாதையாகக் காலை மடக்கிக்கொள்வார்கள். கிள்ளை வந்ததும் நான் புத்தகத்தைப் பிடுங்கி இட்லியை வாயில் திணிப்பேன். தேர்வு முடியும் வரை பயிற்சி மையத்தின் வாசலில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிப் போய்வந்ததில்தான் எனக்கு ஓர் ஆசை பிடித்தது. ஊருக்குத் திரும்புகிற ஒரு மாலையில், எங்கள் ரயில் பெட்டியில் ஒரு பெண் ஏறினாள். தலையில் முக்காடு, தோளில் பை, கையில் சுருட்டிய டிராயிங் ஷீட். சிதம்பரத்திலேயே என்ஜினியரிங் படிக்கிறாளாம், தினம் வீட்டிலிருந்து போய்வருகிறாளாம். முதுநகரில் இறங்கினதும் அவள் அம்மா வந்து பையை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். அவ்வளவுதான் நான் பார்த்தது. அதற்குப் பிறகு என் மகள் நல்ல மார்க் எடுக்கணும் என்று நினைக்கும்போதெல்லாம், ரொம்ப நல்ல மார்க் எடுத்துவிடக்கூடாதே என்றும் சேர்த்து நினைத்தேன். ரொம்ப நல்ல மார்க் என்றால் வாரங்கல், சூரத் என்று எங்கேயோ. அளவான மார்க் என்றால் பிளஸ் டூ மார்க்கை வைத்தே சிதம்பரம், சாயங்காலம் காபி கொடுக்கலாம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேட்க எத்தனையோ காதுகள் இருந்தன. மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கிற என் அண்ணன், பொம்பளப் பிள்ளைக்குச் சிதம்பரம் போதாதா என்று வருகிறபோதெல்லாம் கேட்பார். அவரிடம் நான் வீம்பாக, எங்கே கிடைத்தாலும் அனுப்புவேன் என்பேன். அவளுடைய அத்தாவும் போனில் எங்கே கிடைத்தாலும் அனுப்பு என்றுதான் சொன்னார். பகலில் எல்லோரிடமும் அப்படிப் பேசிவிட்டு, தொழுது முடித்துக் கையேந்தித் துஆ கேட்கும்போது, அவளுக்கு எது நல்லதோ அதைக் கொடு யா அல்லாஹ் என்பேன். எது நல்லது என்பதை நானே முடிவு செய்து, ஊர்ப் பெயரோடு சேர்த்து மனசுக்குள் வைத்திருந்தேன்.

இந்தத் தேர்வை ஜனவரியில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை எழுதலாம். இரண்டில் எது நல்ல மார்க்கோ அது கணக்கு. ஜனவரியில் அவளுக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. மாதிரித் தேர்வில் எடுத்ததைவிட எவ்வளவோ கீழே. அவள் திரையை மூடிவிட்டு, "பரவால்லம்மா" என்றாள். நான் அவள் தலையைத் தடவி ஏதேதோ ஆறுதல் சொன்னேன். உள்ளே எனக்கு லேசாக இருந்தது. அன்றைக்குக் கேசரி கிண்டினேன். அவளுக்கு ஆறுதலுக்காக என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், அவள் கூடத்தில் கடிகாரம் வைத்துக்கொண்டு ஒரு முழுத்தாளைப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சுறாவுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். நிகழ்தகவுக் கேள்வி ஒன்று காதில் விழுந்தது. இரண்டு பைகள். முதல் பையில் இரண்டு சிவப்புப் பந்து, மூன்று கறுப்பு. இரண்டாவதில் நாலு சிவப்பு, ஒரு கறுப்பு. எந்தப் பை என்று பார்க்காமல் கைவிட்டு ஒரு பந்தை எடுத்தாயிற்று, சிவப்பு. அது முதல் பையிலிருந்து வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு? எந்தப் பையில் கைவிடுகிறோம் என்றுகூடப் பார்க்காதவளுக்குப் பந்து எதற்கு என்று வழக்கம்போல நான் மனசுக்குள் சண்டை போட்டேன். அவள் வழியைச் சொல்லிக்கொண்டே போய், "ஒன் பை த்ரீ" என்றாள். மறுபடியும், "ஒன் பை த்ரீ."

தொழுதுவிட்டு வந்து திருத்த உட்கார்ந்தேன். அந்தக் கேள்விக்குச் சரியான விடை பி, ஒன் பை த்ரீயேதான். அவள் தாளில் அந்த இடம் காலியாக இருந்தது. மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். அடுத்த தாளிலும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த தாளின்போது நான் அடுப்பை அணைத்தேன், குழாயை மூடினேன், கதவோரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எதையெல்லாம் அவள் தயங்காமல் சொன்னாளோ அதில் நாலைந்து காலி. திணறினதை எல்லாம் போட்டிருந்தாள். வேண்டுமென்றே விடுகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் போடவில்லை என்று கேட்டேன். டவுட்டாக இருந்தது என்றாள்.

"டவுட்டு இருக்கறவ ரெண்டு தடவ சொல்ல மாட்டா" என்றேன்.

பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக வந்தது, பிடுங்கி வைத்தேன். பிறகுதான் சொன்னாள்.

"ஜாஸ்தி வாங்கிட்டா தூரமா கெடைக்கும்மா. கொஞ்சம் கொறச்சிக்கிட்டா சிதம்பரம். எத்தன விட்டா சரியா வரும்னுதான் இங்க போட்டுப் பாக்கறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவேன். அத்தாவும் இல்ல, நானும் இல்லன்னா நீ யாரு கூடம்மா பேசுவ?"

ஜனவரியிலும் இப்படித்தானா என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

எனக்குக் கோபம் வந்தது. அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. எதையும் செய்யாமல் அடுப்படிக்குப் போய், கழுவின பாத்திரத்தை இன்னொரு தடவை கழுவினேன். அவளுக்குப் பாசம், அதனால் செய்திருக்கிறாள். ஆனால் நானும் வேண்டுகிறேனே, தினம் ஐந்து வேளை. பிள்ளை தன் மார்க்கைத் தானே வெட்டிக்கொண்டிருக்கிறாள், பெற்றவள் அது நடக்கட்டும் என்று கையேந்திக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டுக்குள் ஒருத்திக்கொருத்தி தெரியாமல் இதைச் செய்திருக்கிறோம். நினைக்க நினைக்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவள் மேல் தாங்க முடியாத ஆசையாகவும் இருந்தது.

ஈரக்கையோடு திரும்பி வந்து சொன்னேன். "நானும் துஆவுல அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். நீ கொஞ்சம் கம்மியா வாங்கணும்னு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரும் சேந்து மார்க் கொறைக்கறதுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் அழ ஆரம்பித்தாள், முகத்தை என் முந்தானையில் துடைத்தாள். அதில் மீன் வாடை அடித்திருக்கும், முகத்தை எடுக்கவில்லை.

"தனியா இருக்க எனக்குப் பயந்தான். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா அது என் பயம். அத நான் பாத்துக்கறேன். அதுக்கு நீ மார்க்க விடாத."

நான் பிடுங்கி வைத்த பேனாவை அவள் எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வீட்டில் போட்ட தாள்களில் ஒன்றும் காலியாக இல்லை. ஆனால் அது நான் திருத்துகிற தாள். தேர்வு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் அவள் எதைப் போடுகிறாள், எதை விடுகிறாள் என்று நான் போய்ப் பார்க்க முடியாது. வற்புறுத்திக் கேட்டால் வீம்புக்கு எதிராகச் செய்துவிடுவாள், என் பிள்ளைதானே. நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். என் துஆவிலிருந்து ஊர்ப் பெயரை எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்கிறேனே தவிர, ஒவ்வொரு தடவையும் மனசு அதைச் சொல்லப் பார்க்கும், இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஏப்ரலில் சிதம்பரம் போகும் வழியில் ஒரு கல்லூரியில் தேர்வு. முக்காடு போடுகிறவர்களைச் சோதிக்க நேரம் பிடிக்கும், சீக்கிரமே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். வாசல் திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். அவள் பதற்றமாக இருக்கும்போது புத்தகத்தைத் திறப்பாள், அன்றைக்குத் திறக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, மதியத்துக்கு என்ன சாப்பிடுவாய் என்று என்னைக் கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றேன். தாவணி மாதிரித் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே புங்க மரத்தடியில் என் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். திட்டக்குடியிலிருந்து விடிவதற்கு முன்பே பஸ் ஏறி மகனைக் கூட்டி வந்தவர். தூக்கில் மோர் வைத்திருந்தார், எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். மகனுக்கு இயற்பியல்தான் உதைக்கிறது என்றார். உங்கள் பெண்ணுக்கு எப்படி என்று கேட்டார். எல்லாம் வரும், ஆனால் எழுதுவாளா என்று தெரியவில்லை என்றேன். அவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்றார். வெயில் ஏறியது. நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து உட்கார்ந்தோம்.

வாசல் திறந்ததும் பிள்ளைகள் மொத்தமாக வந்தார்கள். அவள் கூட்டத்தின் கடைசியில் மெதுவாக வந்தாள். எதிரில் வந்து நின்று, என் முகத்தையே பார்த்தாள். ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்த மாதிரி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"தெரிஞ்சது எதையும் விடலம்மா."

நல்லது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கண் பொங்கிவிட்டது. அத்தனை பேர் நடுவில், நடுரோட்டில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டக்குடி அம்மா பதறிப்போய் எழுந்து வந்து என் முதுகைத் தடவினார்.

"அழாதீங்கக்கா. பாப்பா சரியா எழுதலையா?"

"இல்லங்க" என்றேன். "நல்லா எழுதிட்டா."