கன்னியம்மா ஊர்க்கூட்டத்தில் கேட்டது

கன்னியம்மாவின் மகள் செல்வி பழவேற்காட்டிலிருந்து போன் செய்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "சிஸ்டரம்மா, அம்மா காலையில போயிடுச்சி," என்றாள். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். கன்னியம்மாவைப் பற்றி எழுத நினைக்கிறேன், அந்த நோயையும் எழுதலாமா என்று அங்கே கேட்டேன். உறவுக்காரர் ஒருவர், "அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்வி மட்டும் சொன்னாள்: "அம்மாவே ஊருக்கெல்லாம் சொல்லிக்கினுதான இருந்துச்சி. எழுதுங்க."

அந்த நோய் சிபிலிஸ். நம் பக்கத்தில் கிரந்தி என்பார்கள், அதுவும் காதோடு காதாக.

அறுபதுகளின் கடைசியில் நான் பொன்னேரியில் நர்ஸாக இருந்தேன். கன்னியம்மா ஏரியோரக் குப்பத்திலிருந்து மூன்றாவது கர்ப்பத்தோடு வந்தார். முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. இரண்டாவது உயிரோடு பிறந்தது. ஆனால் அதன் உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம், தோல் உரிந்தது, மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் சில நாட்களில் போய்விட்டது. "புள்ளைய முழுங்கறவ" என்று அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கணவர் ஏகாம்பரத்துக்கு வேறு பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரத்தத்தை மெட்ராசுக்கு அனுப்பினோம். முடிவு வந்ததும் லேடி டாக்டர் அவரை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். தாயின் ரத்தத்தில் இருக்கும் கிருமி குழந்தைக்கும் போகிறது. இப்போதே பென்சிலின் ஊசி போட்டால் இந்தக் குழந்தையைக் காப்பாற்ற வழி உண்டு. கணவரும் போட்டுக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தொற்றும். கன்னியம்மா அழவில்லை. "அப்ப அந்த ரெண்டும் என் ராசியால போவல," என்றார். பிறகு, "ஊசியப் போடுங்க," என்று புடவையைத் தளர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

ஏகாம்பரம் வர மறுத்தார். மீன் படாத மாதங்களில் அவர் மெட்ராஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போவார். உடம்பில் புண்ணோ வலியோ இல்லாதபோது ஊசி எதற்கு என்பது அவர் வாதம். வெளியே ஒன்றும் தெரியாமலே நோய் உள்ளே இருக்கும் என்று ஆள் விட்டுச் சொல்லியும் கேட்கவில்லை.

அந்த மாதம் குழந்தைகளுக்கு அம்மை குத்த நான் படகில் அந்தக் குப்பத்துக்குப் போனேன். போன நேரத்தில் ஊர்க்கூட்டம். ஏகாம்பரத்தின் இரண்டாவது கல்யாணப் பேச்சுதான். கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கமில்லை. கன்னியம்மா நிறைந்த வயிற்றோடு நடுவில் வந்து நின்றார்.

"என் ரத்தத்துல கிரந்தி இருக்குதாம். ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. நான் இந்த ஏரியத் தாண்டி எங்கியும் போனவ இல்ல. அது எங்கேர்ந்து வந்துச்சின்னு அவரக் கேளுங்க."

பிறகு ஏகாம்பரத்துக்குப் பெண் கொடுக்க வந்திருந்தவரைப் பார்த்தார். "நைனா, உம் பொண்ணக் குடு, வேணாங்கல. இவருக்கு ஊசி போட்டாச்சான்னு கேட்டுட்டுக் குடு. இல்லன்னா அதுவும் என்ன மாதிரி புள்ளையப் பொதைக்கும்."

அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர், "பொம்பள பேசற பேச்சா இது," என்றார். "புள்ள செத்தது பொம்பளைக்குதான," என்றார் கன்னியம்மா.

அதன்பிறகு ஊசி போடாமல் கணவரை வீட்டுக்குள் விடவில்லை. கொஞ்ச நாள் கரையில் படகடியில் படுத்துப் பார்த்த ஏகாம்பரம், கடைசியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பின்னாலேயே வந்த கன்னியம்மா என்னிடம், "எனக்குக் குத்தின அதே ஊசி. சின்னதா குத்தி அனுப்பிடாதீங்க," என்றார். ஊசி முடியும்வரை ஒவ்வொரு முறையும் கூடவே வந்தார்.

செல்வி பிறந்தது எங்கள் கையில்தான். அழுகை வராந்தா வரை கேட்டது. கன்னியம்மா முதலில் கேட்டது ஆணா பெண்ணா என்று அல்ல. "கையக் காட்டுங்க, காலக் காட்டுங்க," என்றார். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினேன். வழுவழுவென்று சிவந்திருந்தன. அப்போதுதான் அவர் அழுதார். குழந்தையின் ரத்தத்தையும் சோதித்தோம், நோய் இல்லை.

எழுபதுகளில் அவர் கர்ப்பிணிகளை ரத்தம் சோதிக்க எங்கள் ஆஸ்பத்திரிக்குப் படகிலும் பஸ்ஸிலும் கூட்டிவருவார். மானம் போய்விடும் என்று ஒரு பெண் வாசலிலேயே நின்று அழுதாள். கன்னியம்மா செல்வியை இழுத்து அவள் முன்னால் நிறுத்தினார். "நான் ஊரு நடுவுல நின்னு சொன்னவ. இதோ இருக்கறேன். எம் பொண்ணு இதோ இருக்குது. இன்னா போச்சி?" அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

ஒருமுறை மீஞ்சூரில் தாய்மார்கள் கூட்டத்தில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். "உங்க கதைன்னு சொல்லாதீங்க, யாரோ ஒருத்திக்குன்னு சொல்லுங்க," என்று அதிகாரி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். கன்னியம்மா மேடையேறி, "எவளோ ஒருத்தின்னா நீங்க எவளும் வரமாட்டீங்க. அது நான்தான்," என்று தொடங்கினார்.

கன்னியம்மாவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த 'நான்தான்' என்ற ஒரு சொல். சோதனைக்கு ரத்தம் கொடுக்கத் தயங்கும் பெண்ணை இன்று பார்த்தாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறேன். சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதில்லை.