கடைசியாகத் தொட்டவர்

லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்ப்பவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த லிஃப்ட் நின்றாலும், கருவிப்பையைத் திறப்பதற்கு முன்னால், "கடைசியா யாரு தொட்டது?" என்று கேட்பாள். உடனே அந்தக் கட்டடத்தில் எல்லோரும் உத்தமர்களாகிவிடுவார்கள். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். அவளும் லேசில் விடமாட்டாள். தொட்டவர் வாயைத் திறந்தால் பாதி வேலை முடிந்தது என்பது அவள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி போன் செய்தாள். "உங்க அண்ணன் இன்னைக்கு அதிசயமா ஒண்ணு கேட்டாரும்மா. பரண்ல கிடந்த பழைய வீடியோ கேமை எடுத்துத் தரச் சொன்னாரு. அது ஆன் ஆகல. மறுபடியும் போய்ப் படுத்துட்டாரு."

அண்ணன் பேருந்து ஓட்டுநர். ஒரு மழை நாளில் அவர் ஓட்டிய வண்டி சறுக்கிச் சுவரில் மோதியது. பயணி ஒருத்திக்குக் கை முறிந்தது. அந்தக் கை கூடிவிட்டது. விசாரித்தவர்களும் ஓட்டுநர்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் நம்பினால்தானே! ஸ்டியரிங்கை விடுங்கள், தண்ணீர்க் குழாயைக்கூட யோசித்து யோசித்துத்தான் திறக்கிறார். "நான் தொட்டது எதுவும் உருப்படாது" என்பதே பேச்சு. இப்போது ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்றும் காலை வாரிவிட்டால், இனி அவர் எதையுமே கேட்க மாட்டார். அந்தப் பயத்தில்தான் தங்கை அரக்கப்பரக்க வந்து சேர்ந்தாள்.

கூடத்து மேசையில் அந்தக் கறுப்புப் பெட்டி கிடந்தது. மீட்டரை வைத்து முதலில் அடாப்டரைப் பார்த்தாள். மின்சாரம் ஒழுங்காக வந்தது. மூடியைக் கழற்றி சுவிட்சைப் பார்த்தாள், அதிலும் குறையில்லை. பக்கத்திலிருந்த குட்டி ஃபியூஸில் வைத்தபோதுதான் மீட்டர் வாயே திறக்கவில்லை. ஃபியூஸ் தானாகப் போகாது.

"கடைசியா யாரு தொட்டது?"

அண்ணி தான் இல்லையென்று தலையை ஆட்டினாள். அறைக் கதவு மெல்லத் திறந்தது.

"நான்தான்," என்றார் அண்ணன். "முதல்ல நெட் பெட்டியோட அடாப்டரை மாட்டிட்டேன். முனை சரியாப் பொருந்துச்சு. உள்ள ஏதோ டிக்குன்னுச்சு. அப்புறம்தான் இதோட அடாப்டர் கிடைச்சுது. நான்தான் சொல்றேனே, நான் தொட்டா..."

"போதும் நிறுத்து. அதுல பிளஸ் மைனஸ் தலைகீழா இருக்கு. அது தெரியாம எங்க லிஃப்ட் ஆளுங்களே மாட்டுவாங்க. போக வேண்டியது மட்டும் போயிருக்கு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. வந்து இந்த சர்க்யூட் பலகையைப் பிடி."

"நான் வேணாம். அவளைப் பிடிக்கச் சொல்லு."

"அண்ணி அடுப்புல ஏதோ வச்சிருக்காங்க. எனக்கு இருக்கறதே ரெண்டு கை, அண்ணா."

அண்ணியும் சமர்த்து. அணைந்து கிடந்த அடுப்பைப் பார்க்க ஓடினாள்.

அவர் தயங்கித் தயங்கிப் பிடித்தார். அவள் அதைக் கவனிக்காததுபோலப் பழைய ஃபியூஸை எடுத்துவிட்டு, பையிலிருந்த அதே அளவு ஃபியூஸை சால்டர் வைத்துப் பொருத்தினாள். மூடியை மாட்டி, பெட்டியை டிவியோடு இணைத்தாள். "நீயே போடு," என்று தள்ளி நின்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணி அடுக்களையிலிருந்து கைதட்டினாள். ஆனால் திரையைப் பார்த்ததும் தங்கைக்குப் பகீரென்றது. பெட்டியில் செருகியிருந்தது எந்த விளையாட்டு என்று அவள் பார்க்கவேயில்லை. கார்ப் பந்தயம்.

அணைத்துவிடலாமா என்று கை நீட்டுவதற்குள் அண்ணன் உட்கார்ந்து விளையாடத் தொடங்கிவிட்டார். முதல் வளைவிலேயே கார் சறுக்கிச் சுவரில் மோதி நொறுங்கியது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோடு வழுக்குது," என்றார் அண்ணன். "இந்த வளைவுல எவன் ஓட்டினாலும் இப்படித்தான்."

சொல்லிவிட்டு, மறுபடியும் ஓட்டுவதற்கான பொத்தானை அழுத்தினார்.